பல் டாக்டர் ரபி ஆகும் லட்சணம்

புரூக்ளின்,
செவ்வாய்க்கிழமை

அன்பு அண்ணன் மெண்டலுக்கு, தம்பி அவ்ரம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஷிஃப்ராவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்கலாமென்றால், அண்ணி ஹின்டா இறந்துபோன இந்த எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் எடுக்கிறாயாம். அதனால்தான் கடிதம்.

முப்பத்தைந்து வருஷம் ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு, கிளினிக்கை மூடி, அறுபத்திரண்டு வயதில் யூத மதகுருவாக, ரபி ஆகப் படிக்கிறேன் அல்லவா, எபிரேயம்கூட எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது, மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை துக்க வீட்டில் போய் உட்காரும் பயிற்சி. துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை பார்க்கப் போனவர் பேசக் கூடாது. இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன, ஆனால் நான் யார், வாய் நிறையப் பஞ்சோடு பதில் சொல்ல முடியாமல் கிடந்தவர்களிடம் ஓயாமல் பேசிப் பிழைத்தவன். மனைவியைப் பறிகொடுத்த லிஃப்ஷிட்ஸ் என்ற பெரியவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் துக்க வழக்கப்படி துணியால் மூடியிருக்கிறார்கள், என் பக்கத்தில் முப்பத்து மூன்றே வயதான எங்கள் ஆசிரியை ரபி தாலியா. இரண்டு நிமிஷம் பொறுத்தேன். மூன்றாவது நிமிஷம் பார்க்கிறேன், அவர் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. "கடவாய்ப் பல்லா சார், எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டேவிட்டேன். அப்புறம் ஈறு, சீழ், உப்புத் தண்ணீர் என்று இருபது நிமிஷம். மனுஷர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தாலியா திட்டவில்லை. "டாக்டர், பேசாம இருந்தா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" என்றாள்.

அண்ணா, நடுத்தெருவில் அழுதுவிட்டேன். உன் வீட்டு ஏழு நாள் துக்கத்தில் ஏழு நாளும் நான்தானே பேசினேன். ஒரு தடவை நீ "அன்னைக்கு ஹின்டா..." என்று ஆரம்பித்தாய். எனக்குத் தாங்கவில்லை, காபி வேணுமா என்று குறுக்கே புகுந்தேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வாயை வைத்துக்கொண்டு எனக்கு ரபி வேலை சரிப்படாது. படிப்பை விடுகிறேன். என்னை மன்னித்துவிடு, போனை எடு. நீ நூற்றிருபது வயசு இருக்கணும்.

உன் தம்பி,
அவ்ரம்

பி.கு. புதன்கிழமை. மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடு, அதுவும் வெறும் பேச்சுதான். இன்று தனியாக லிஃப்ஷிட்ஸ் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவராகவே சொன்னார்: "பல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டர். மிட்டாய். அவ கைப்பையில கிடந்தது. இன்னும் நாலுதான் இருக்கு, கடிக்காம வாயில அடக்கி வச்சிருக்கேன்."

படிப்பை விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பால்டிமோர் வருகிறேன். கதவைத் திறந்தால் போதும், எதுவும் கேட்க மாட்டேன். நீ பேசுகிறவரை உட்கார்ந்திருப்பேன். காபியை நானே போட்டுக்கொள்கிறேன்.