முன் ஆக்சிலுக்கு வைத்த வெல்டிங்

ஜீப் வைத்திருப்பவனுக்கு மூளை தேவையில்லை. வண்டி இருக்கிறதே என்று ஊரே மரியாதை கொடுத்துவிடும். எனக்கும் கொடுத்தது. அந்த மரியாதையில்தான் நான் கெட்டுப்போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப் ஒன்றை ஜவ்வாது மலையில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு மண் பாதை. போகும்போது புளி மூட்டை, வரும்போது சந்தைக்குப் போன ஜனம். மழை பெய்தால் ஜனம் இறங்கித் தள்ளும். தள்ளிக்கொண்டே என்னைத் திட்டும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்பித் திட்டுவேன்.

முன் சக்கரத்துக்கும் விசை கொடுக்க லீவர் இருந்தது. போட்டால் மட்டும் என்ன? முன் ஆக்சிலின் நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டி. அதற்குக் கேடுகெட்ட குணம். எந்தச் சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றுகிறதோ, அதற்கே எல்லா விசையையும் வாரிக் கொடுக்கும். கெட்டித் தரையில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். (எங்கள் சித்தப்பா வீட்டிலும் இதே கதைதான். ஊர் சுற்றுகிற பிள்ளைக்குத்தான் கறிச்சோறு.)

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். காவலூர்ப் பக்கம், பெயர் மல்லிகா. சந்தையில் ஒரு தடவை பார்த்ததிலேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவள் அப்பா, வாசலில் பஸ் நிற்கிற ஊர்க்காரர். அந்தத் திமிர் பேச்சில் தெரிந்தது.

"மழைலயும் வண்டி வூட்டு வாசல் வரைக்கும் வந்துச்சுன்னா பொண்ணு குடுக்கறேன். சேத்துல எறங்கி நடக்கறதுக்கு நான் பொண்ணு வளக்கல" என்றார்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற நாளையும் ஐப்பசி அடைமழையில் வைத்தார். வேண்டுமென்றேதான் வைத்தார், கிழவர். வீடு பிடித்தால் எங்கள் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது. பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

இரண்டு முன் சக்கரத்தையும் சேர்ந்து இழுக்க வைத்தாக வேண்டும். வேலூரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன். டயரில் சுற்றும் இரும்புச் சங்கிலியைக் காட்டினார். மாட்டிக் கழற்றவே ஒரு பொழுது ஆகும் என்று வேண்டாமென்றேன். அடுத்து, துணியில் சுற்றியிருந்த வெளிநாட்டுச் சாமான் ஒன்றைப் பிரித்தார். பல்சக்கரப் பெட்டிக்குள் வைத்தால் நேரே போகும்போது இரண்டு சக்கரத்தையும் பூட்டிவிடுமாம்.

"திரும்பறப்ப மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுக்கும் தம்பி" என்றார்.

எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. விட்டுக் கொடுக்கிற சாமானுக்கு ஒருத்தன் காசு கொடுப்பானா? என்னைப் பெற்ற தகப்பனுக்கே நான் விட்டுக் கொடுத்ததில்லை. வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக் கோவிந்தனோடு பேச்சை நிறுத்தி, அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சூடம் அணைத்தவன். பாயிடம் விட்டுக் கொடுக்காத சாமானாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதற்கு உள்ளே இருக்கிற பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம், ஆனால் செய்யாதே என்றார். 'செய்யாதே' என்பது என் காதில் விழவில்லை.

ஜமுனாமரத்தூரில் என் கூட்டாளி ஏழுமலை வெல்டிங் வைத்தான். அவன் வீடுகளுக்கு இரும்பு கேட் அடிக்கிறவன். ஜீப்பையும் கேட் மாதிரியே பற்றவைத்தான். சந்தை மைதானத்துச் சேற்றில் விட்டுப் பார்த்தோம். எருமை மாதிரி நேராக ஏறி வெளியே வந்தது. ஸ்டியரிங் மட்டும் கல்லாக இருந்தது. புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்றான் ஏழுமலை. வண்டியே என் வயசு, இதில் என்ன புதுசு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாளும் வந்தது. நல்ல மழை. பெண்ணின் அப்பா, சித்தி, பெரியவர் ஒருவர், மூவரையும் பஸ் நிற்கிற இடத்தில் ஏற்றினேன். ஓடையில் இறங்கி ஏறினோம், வழுக்குப் பாறையில் ஏறினோம், எங்கும் நிற்கவில்லை. "பரவால்லியே, நல்லாத்தான் இழுக்குது" என்றார் பெண்ணின் அப்பா. எனக்கு மனசுக்குள் மேளம் கேட்டது.

ஊருக்குள் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் இறங்கினால் எங்கள் வீடு. நேரே போனால் கோவிந்தன் வாசல். இடது பக்கம் ஒடித்தேன். சக்கரங்கள் இடது பக்கம் திரும்பின. ஜீப் திரும்பவில்லை. சேற்றைத் தள்ளிக்கொண்டு நேராகவே போனது. ஸ்டியரிங்கில் தொங்கினேன், பிரேக்கில் ஏறி நின்றேன். விட்டுக் கொடுக்காத சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே போக, ஜீப் கோவிந்தனின் அவரைப் பந்தலைத் தலையில் போட்டுக்கொண்டு, அவன் வாசற்படியில் மோதி நின்றது. முன் ஆக்சில் உடைந்த சத்தம் கேட்டது.

கோவிந்தன் வெளியே வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. "உள்ள வாங்க, நனையறீங்களே" என்று அவர்களை அழைத்தான். பெண்ணின் அப்பாவுக்கு முழங்கால் பிசகியிருந்தது. என்னோடு இனி ஓரடிகூட வரமாட்டேன் என்றாள் சித்தி. உள்ளே போய்விட்டார்கள். நான்? சூடம் அணைத்தவன் ஆயிற்றே. மழையில் ஜீப்புக்குப் பக்கத்தில் அவரைக்கொடி சுற்றி நின்றேன்.

விஷயம் கேள்விப்பட்டு என் அம்மா செய்ததுதான் உச்சம். வந்தவர்கள் பசியோடு இருப்பார்களே என்று கோழிக்குழம்புச் சட்டியையும் சாமைச் சோற்றையும் தலையில் வைத்துக்கொண்டு கோவிந்தன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர்களும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஏப்பம் வாசல் வரை கேட்டது.

பெண்ணின் அப்பா நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் விடவில்லை. "கோழி எங்களுது. எங்க வூட்டுல கை நனைச்ச மாதிரிதான்" என்றேன்.

கூட வந்த பெரியவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "கோழி யார்துன்னா இன்னா? கையில தண்ணி ஊத்தனது யாரு?"

சொம்போடு நின்றான் கோவிந்தன்.

"எந்த வூட்டுத் தண்ணில கை நனைஞ்சிதோ அந்த வூடுதான். கோழிக்கு இன்னா வூடு?" என்றார் பெரியவர்.

கோவிந்தனும் எங்கள் வகையறாதான். முறை இருந்தது, வயசு இருந்தது, கல்யாணம் ஆகாமலும் இருந்தான். பெண்ணின் அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். வாசலையும் பார்த்தார். பிறகு, மழையில் வண்டி வாசல் வரை வந்ததா இல்லையா என்று என்னையே கேட்டார். வந்தது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

தை மாதம் மல்லிகா கோவிந்தன் வீட்டுக்கு வந்தாள். கல்யாணச் சாமானை ஏற்றிவந்ததும் என் ஜீப்தான். அதற்குள் ஆக்சில் மாற்றியிருந்தேன். ஒழுங்காகத் திரும்பியது, நாசமாய்ப்போனது.

அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி என்னைவிட வாய்த்துடுக்கு. கோவிந்தன் குடும்பத்தோடு இப்போது ராசிதான். மல்லிகா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதை வரும். பெண்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மல்லிகா, ஏழுமலைக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்பாள்.

என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "கோயில் உனுக்கு. எனுக்கு அவன் கைய ஒடைக்கணும்" என்பாள். "வண்டி அன்னிக்கு ஒழுங்கா திரும்பியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."