ஒரு கேள்வி தேவை

"கேள்வி இல்லாம விண்ணப்பத்தையே வாங்க மாட்டாங்களாம்," என்றார் ஜி.எம்.

"கேள்விதானே? கேளுங்களேன்," என்றாள் மனைவி, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே.

"உன்கிட்ட கேக்கறது இல்ல. ஆராய்ச்சிக் கேள்வி. பிசினஸ்ல பிஎச்.டி. பண்ணணும்னா, இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு நம்மகிட்ட இருக்கணுமாம்."

பம்பு தயாரிக்கும் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் விற்பனைப் பிரிவைக் கட்டி மேய்த்தவர் அவர். பதில்கள் மூட்டை மூட்டையாகக் கைவசம் இருந்தன. கேட்காதவர்களுக்குக்கூடக் கொடுத்திருக்கிறார். கேள்விதான் ஒன்றுகூட இல்லை. அதற்காக டாக்டர் பட்டத்தை விட்டுவிட முடியுமா? சகலை போன வருஷமே வாங்கிவிட்டான். குடும்பத்தில் சின்னதுகள் எல்லாம் அவனை 'டாக்டர் சித்தப்பா' என்கின்றன. இவர் இன்னமும் 'பம்பு பெரியப்பா'.

மறுநாள் மீட்டிங் போட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிக் குடுக்கணும். இது உத்தரவு!"

அவர் மீட்டிங்கில் வாய் திறந்தவர்கள் அதன்பின் பதவி உயர்வைக் கண்ணால் கண்டதில்லை. அதனால், 'நீங்க மட்டும் எப்படி சார் எப்பவும் சரியாவே இருக்கீங்க?' என்று ஏழு பேர் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பதில் அவருக்கே தெரியும் என்பதால் ஒதுக்கிவிட்டார்.

பெயர் போடாத சீட்டு ஒன்று கிடந்தது. 'நம்ம பிரிவுல சேர்றவங்க ஏன் சார் ஒரு வருஷத்துக்குள்ள ஓடிடறாங்க?'

ஜி.எம். துள்ளிக் குதித்தார். அதுவே தலைப்பானது. அடுத்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிப்பதாகத் திட்டம். எம்.டி. காதில் 'படிப்பு' என்பது மட்டும்தான் விழுந்தது.

"பிரமாதம்! எப்ப கிளம்பறீங்க?"

"இல்ல சார், நான் பகுதி நேரமாத்தான்..."

"சேச்சே! படிப்புல அரைகுறை கூடாது. உங்க முன்னேற்றத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பத்தே நிமிஷத்தில் பரிந்துரைக் கடிதம் தயார். கூடவே, அவர் எழுதவே இல்லாத ராஜினாமாவை வருத்தத்துடன் ஏற்றுக்கொண்ட கடிதமும் தயார். வெள்ளிக்கிழமையே கழுத்தில் மாலை போட்டு, போட்டோ பிடித்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள்.

"வேலை போச்சு. பிஎச்.டி. சீட்டும் கிடைக்கலேன்னா?" என்றாள் மனைவி.

ஜி.எம். கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? ஜெயித்தே ஆகவேண்டும்.

நேர்காணலில் உட்கார்ந்திருந்த பேராசிரியைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"ஏன் விலகறாங்கன்னு நீங்க நினைக்கறீங்க சார்?"

"பஸ் வசதி இல்லம்மா. கேன்டீன் காபி கழனித்தண்ணி மாதிரி இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையும் கிடையாது."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"எதுக்கும்மா? அதான் எனக்கே தெரியுமே!"

பேராசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தற்காலிகமாச் சேர்த்துக்கறேன். ஆறு மாசம் டயம். அதே பிரிவுலேருந்து இனிமே விலகற பத்து பேரைப் பேட்டி எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா சேர்க்கை ரத்து."

"பத்துதானா? அங்க ஒரு மழை பெஞ்சா பத்து பேர் போவாங்கம்மா!"

ஹெச்.ஆருக்கு மாதாமாதம் கடிதம் போட்டார். மாதாமாதம் 'விவரம் ஏதுமில்லை' என்று பதில் வந்தது. மழையும் இரண்டு தடவை பெய்து ஓய்ந்தது. ஐந்தாவது மாதத்தில் அவருக்குத் தூக்கம் போயிற்று. கம்பெனியின் மானம் போய்விடும் என்று திட்டமிட்டு மறைக்கிறார்கள், இதில் சகலையின் கைகூட இருக்கலாம் என்று முடிவு கட்டினார்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது நேரே கம்பெனிக்குப் போய், ஹெச்.ஆர். கிளார்க் பெண்ணின் மேஜைமேல் கையை ஊன்றி நின்றார்.

"மறைக்காதேம்மா. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. வேலையை விட்டுப் போனவங்க லிஸ்டைக் குடு!"

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, பாவமாக நிமிர்ந்தாள்.

"போனவங்க ஒருத்தரும் இல்லையே சார்... நீங்க போனது தெரிஞ்சு திரும்பி வந்தவங்க லிஸ்ட்தான் இருக்கு, பதினாலு பேர். அதை வேணா தரட்டுமா?"