எண்பது ஃபயர் பிரிக்கும் உங்கள் மகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் முதுகைத் தவிர இங்கே எல்லோரும் நலம். தங்கள் வீட்டில் முதுகுகளும் சேர்த்து நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் போனில் தாங்கள், "வேலை போச்சுன்னா வீட்டுலயே அடுப்பு கட்டுவாளா? நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டீர்கள். சொல்லத்தான் போனேன். ஏழு வருடம் அவள் வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டால் அடுத்த பேக்கரிக்கு விண்ணப்பம் போடுவதுதான் முறை என்று நான் வாயைத் திறப்பதற்குள், உங்கள் மகள் ஒரு தாளை நீட்டினாள். வீட்டுக்குப் பின்னால் கட்டப்போகும் ரொட்டி அடுப்பின் படம். அதற்கு ஃபயர் பிரிக், அதாவது சூட்டைத் தாங்கும் செங்கல், எண்பது வேண்டுமாம். எல்லாச் செங்கல்லும் சூளையில் வெந்ததுதானே என்று நானே போய்ச் சாதாரணச் செங்கல் வாங்கி வந்து, நாலை அடுக்கி, நடுவில் விறகை மூட்டிக் காட்டினேன். பத்து நிமிடத்தில் ஒரு கல் படாரென்று வெடித்து, சில்லு என் மூக்குக்கண்ணாடியில் வந்து விழுந்தது. அவள் சிரிக்கவில்லை, சம்பந்தி. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "மாமா, ஸ்கூட்டர் சாவி எங்க?" என்றாள். புத்தி சொல்லும் வேலை அத்தோடு முடிந்து, ஸ்கூட்டர் ஓட்டும் வேலை ஆரம்பித்தது.

முதல் கடைக்காரர் சுவரில் ஒட்டும் சிவப்பு அலங்காரக் கல்லைக் காட்டி, "தீ கலர்லயே இருக்கு பாருங்க" என்றார். இரண்டாவது கடையில் வெளிர் மஞ்சளில் அசல் ஃபயர் பிரிக்கே இருந்தது. எடுத்தால் பஞ்சு மாதிரி லேசு. என் முதுகை நினைத்து மகிழ்ந்துபோய் நான் பேரத்தில் இறங்கிவிட்டேன். அவள் நகத்தால் கீறினாள், கோடு விழுந்தது. "இது வெளிய சூடு போகாம இருக்கறதுக்கு, மாமா. உள்ள வெச்சா, ரொட்டித் தட்டு உரசி ஒரே மாசத்துல பள்ளமாயிடும்." கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் நினைத்தேன் என்பதுபோலத் தலையாட்டி வைத்தேன்.

பீங்கான் ஆலையில் பழைய சூளையைப் பிரிக்கிறார்கள் என்று அந்தக் கடைக்காரரே சொல்ல, பாதி வழியில் டயர் பஞ்சராகி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். ஃபோர்மேன் நேராக என்னிடம், "எந்த மாதிரி வேணும் சார்?" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவளக் கேளுங்க" என்றேன். முப்பத்தாறு வருடம் அலுவலகத்தில் நான் ஒருநாளும் சொல்லாத வாக்கியம். சொன்ன பிறகு உடம்பே லேசாகிவிட்டது. அவர் இடுப்பளவு குவியலைக் காட்டி, "பொறுக்கிக்கம்மா" என்றார். உங்கள் மகள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கல்லையும் இன்னொரு கல்லால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். கணீர் என்றால் வலப்பக்கம், மந்தமாக ஒலித்தால் இடப்பக்கம். கண்ணாடி போலப் பளபளப்பு ஏறிய கல் எதுவும் உணவுக்குப் பக்கத்தில் கூடாதென்று தனியே போனது. மூன்று மணி நேரத்தில் அறுபத்திரண்டு தேறியது. ஃபோர்மேன் இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, "இதுக்கு என்னம்மா குறை?" என்றார். அவள் தட்டிக் காட்டினாள். அவர் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "உள்ள விரிசல். என் ஆளுங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க" என்று கிடங்கைத் திறந்து, மிச்சத்துக்குப் புதுக்கல் பதினெட்டு எடுத்துக் கொடுத்தார்.

பஞ்சர் ஒட்டிய பிறகு, ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கல் வீதம் ஏழு தடவை. என் முதுகின் கதை இதுதான். அடுப்பை அவளே கட்டி, சிறு தீ போட்டு நாலைந்து நாள் காயவைத்து, நேற்று அதிலிருந்து முதல் ரொட்டியை எடுத்தாள். நான் நின்றபடியே மூன்று துண்டு தின்றேன். எனக்கு வேலை போயிருந்தால் ஒரு மாதம் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன், சம்பந்தி. இப்படி ஒரு பெண்ணை வளர்த்துவிட்டு அவளுக்குப் புத்தி சொல்ல என்னை அனுப்பினீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

எப்படியோ அடுப்பு முடிந்தது. இனிமேல் இந்தக் குடும்பத்தில் கல் என்ற பேச்சே எழாது. தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கங்கள், வீட்டில் சிறியவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
புத்தி சொல்லப் போன தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஃபோர்மேன் வந்து ஒரு முழு ரொட்டியைத் தின்றுவிட்டு, ஆலை கேன்டீனுக்குத் தினமும் நூறு வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார். இந்த அடுப்பு போதாதாம். வருகிற வியாழக்கிழமை நானூறு கல் லாரியில் வருகிறது. இங்கே இடமில்லை. உங்கள் கார் ஷெட் தோதாக இருக்கும் என்று யோசனை சொன்னது நான்தான். காரை வெளியே எடுத்துவிடவும். புத்தி ஏதும் சொல்வதானால் லாரி வருவதற்குள் சொல்லிவிடவும், வந்த பிறகு கல் இறக்க ஆள் வேண்டும்.