மேற்படி கல்லீரல்

மனிதகுலம் நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்ட பிறகு செய்த அடுத்த உருப்படியான காரியம், ஒரு கொடியின் இலையைக் காய்ச்சிச் சர்க்கரை நோய் பிடித்த எலிகளுக்குப் புகட்டியதுதான். இதைச் சொன்னவர் தாவர வேதிப்பொருள் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். அவரே கண்டுபிடித்து அவரே சொன்னதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

எலிகள் தேறின. கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைந்து, கூண்டுக்குள் குஸ்திக்கு நின்றன. உடனே 'மக்கள் நலன்' கருதி, இலைச்சாற்றைத் தூளாக்கி டப்பாவில் அடைத்து விற்பதென்று முடிவாயிற்று.

"ஐயா, முதல்ல மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்க வேண்டாமா?" என்று நிலையத்தின் புள்ளியியல்காரர் இழுத்தார்.

"வித்தா மனுஷங்கதானே சாப்பிடப் போறாங்க? அப்பப் பார்த்துக்கலாம்."

அடடா, என்ன தெளிவு!

இயக்குநருக்கும் சர்க்கரை உண்டு. கல்லீரலில் கொழுப்பும் உண்டு. தியாக உணர்ச்சி மேலிட, டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு இலைத்தூளில் இறங்கினார். அளவு? எலியின் எடை எங்கே, இயக்குநரின் எடை எங்கே! எலிக்குச் சொட்டு என்றால் இயக்குநருக்குச் சொம்பு. காலையும் மாலையும் கரைத்துக் குடித்தார்.

சில வாரங்களில் முகம் பொன்னிறமாயிற்று.

"என்னங்க, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே?" என்று மனைவி பதறினாள்.

"அது தேஜஸ். உள்ளே இருக்கிற நச்செல்லாம் வெளியே கிளம்புது. வழிவிட்டு நில்லு."

நச்சு கிளம்பவில்லை, அவர்தான் கிளம்பினார், ஆம்புலன்ஸில்.

மருத்துவமனையில் கல்லீரல் டாக்டர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"மாப்ளே, மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தல மச்சான். இயற்கைக்குக் கொஞ்சம் இடம் விட்டேன்."

"அந்த இயற்கைதான் உங்க கல்லீரலை வீங்க வெச்சிருக்கு. சக்கரை வேற கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கு. இன்னும் கொஞ்ச நாள் குடிச்சிருந்தா, நான் இப்ப என் தங்கச்சிக்கு ஆறுதல் சொல்லிட்டிருப்பேன். இதை உங்க ஆய்வுல எழுதுங்க. விக்கிறதை நிறுத்துங்க."

அன்று மாலையே ஆய்வுக்குழு கட்டிலைச் சுற்றி அவசரமாகக் கூடியது. மறுநாள் விற்பனைத் தொடக்க விழா. புள்ளியியல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, எலிங்க எல்லாம் பிரமாதமா ஒத்துழைச்சிருக்கு. உங்க கல்லீரல் ஒண்ணுதான் முரண்டு பிடிக்குது."

"அதையும் கணக்குல சேர்த்தா?"

"தூள் போச்சு. நிலையமும் போச்சு."

இயக்குநர் கண்ணை மூடினார். எழுதினால் இத்தனை வருஷ உழைப்பும் பாழ். எழுதாவிட்டால் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்... அதற்கு மேல் யோசிக்க அந்த உயர்ந்த மனத்துக்கு நேரமில்லை. அவர் சொல்லச் சொல்லத் தீர்மானம் எழுதப்பட்டது: 'மேற்படி கல்லீரல் இந்த ஆய்வில் ஒருபோதும் பங்கேற்கவில்லை. அது தன் சொந்தப் பொறுப்பில் வீங்கியுள்ளது. இனி அதுபற்றி எவரும் பேசலாகாது.' ஒருமனதாக நிறைவேறியது. கல்லீரலின் கருத்து கேட்கப்படவில்லை.

குழு வெளியேறியதும் இயக்குநரின் அக்கா உள்ளே வந்தாள். தையல் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தம்பிக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"என்னடா இப்படி வாடிட்டே? ஊருக்கு உழைச்சு உழைச்சு உன் உடம்பைக் கோட்டை விட்டுட்டியே!" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கும் சக்கரையோட கல்லீரல்ல கொழுப்பாம். நான் அலட்டிக்கவே இல்லையே! என் தம்பியோட தூள் நாளைக்கு வருதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். உன் கட்டுரையைப் படிச்சுப் பார்த்தேன், ஒரு வரி புரியல. ஆனா உன் பேர் போட்டிருந்துச்சு, எனக்கு அது போதும். சக்கரை மாத்திரையை இன்னையோட தலைமுழுகிட்டேன்."

"அக்கா!"

கையில் செருகியிருந்த குழாய் இழுபட, இயக்குநர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"அந்தத் தூளைத் தொடாதேக்கா. மாத்திரையை ஒழுங்காப் போடு. என் மேல சத்தியம் பண்ணு."

அக்கா மிரண்டுபோனாள். "ஏன்டா, அது கெட்டதா?"

"சேச்சே! ரொம்ப நல்லது."

"அப்புறம் ஏன் எனக்கு வேணாங்கிறே? நாளைக்கு எல்லாருக்கும் விக்கப் போறியே?"

இயக்குநர் அவள் கையை விடவே இல்லை.

"நீ என் கூடப் பிறந்தவக்கா," என்றார். "அது ஊருக்கு."