ஐவிக்கு வந்த தேய்மானம்

"என்னங்க சொல்றாரு டாக்டரு?" என்று முழங்கையால் இடித்தாள் ஐவி.

அமலதாஸ் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி மைசூர் மண்டி மொஹல்லாக் கிடங்குக்கு வந்த புதிதிலேயே கன்னடத்தை ஒரே சூத்திரத்தில் அடக்கியவர் அவர். தலை என்றால் தலெ, இலை என்றால் எலெ, மழை என்றால் மளெ. 'ஐ'யைக் கிள்ளிவிட்டு 'எ' போட்டால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் சொல்லட்டுமா என்று டாக்டர் கிருஷ்ணராஜ் கேட்டபோதுகூட, "பேடா சார், கன்னடவே ஹேளி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்னார்: "இவர மூளெ தும்பா சவெதிதெ."

மூளை ரொம்பத் தேய்ந்திருக்கிறது!

டாக்டர் விளக்கிக்கொண்டே போனார். பழைய மூளையைத் தின்கிற செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டுகிற செல்கள் ஒரு பக்கம். தின்கிற கூட்டத்தின் மூக்கணாங்கயிறு ஒரு ஹார்மோன் கையில். மாதவிலக்கு நின்றபின் அந்த ஹார்மோன் வற்றிப்போகும், கயிறு நழுவும், கட்டுவதைவிடத் தின்பது மிஞ்சிவிடும். மாத்திரை, பால், வெயிலில் நடை. கீழே மட்டும் விழவே கூடாது.

"கொஞ்சம் சத்துக் குறைவாம்" என்றார் அமலதாஸ் மனைவியிடம்.

இடுப்பு வலி என்று வந்தவளை, இடுப்பையே படமெடுத்து, மூளையைக் கண்டுபிடித்துவிட்டாரே! எப்பேர்ப்பட்ட டாக்டர்! இன்னும் கொஞ்ச நாளில் இவள் என்னைப் பார்த்து யாரென்று கேட்பாளோ? தெருவுக்கு வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

வீட்டில் வல்லாரைத் துவையலோடு சோதனையும் ஆரம்பமானது.

"ஐவி, கல்யாணத்தன்னைக்கு நான் போட்ட சட்டை என்ன கலரு?"

"வெள்ளை. காலர்ல குழம்பு."

"என் பேரு?"

"இப்ப என்ன பேரு வைக்கலாம்னுதான் யோசிக்கிறேன்."

மூளை இன்னும் மிச்சமிருக்கிறது! அதைக் காப்பாற்ற வேண்டுமே. வெயிலில் உருகிவிட்டால்? டாக்டரையே திருத்தி, நடக்கும்போதெல்லாம் அவள் தலைக்குமேல் குடை பிடித்தார். வரி மறந்து நின்றால் அவமானம் என்று கோயில் பாடற்குழுவுக்குப் போகவிடாமல் தடுத்தார். அடுப்பை அணைக்க மறப்பாளே என்று லைட்டரை ஒளித்தார். ஒளித்த இடத்தை அவரே மறந்துபோனதில், இருவரும் ஓட்டல் இட்லியில் காலம் தள்ளினார்கள்.

போதாததற்கு, அந்த மூளையைச் சிரமப்படுத்தக் கூடாதென்று எதிர்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்.

"ஏங்க, துவையல்ல உப்பு பத்துதா?"

"பத்தினாலும் சரி, பத்தாட்டியும் சரி. உன் கைபட்டா அமிர்தம்."

ஐவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கவளத்தையாவது குறை சொல்லாமல் விழுங்கியறியாத மனுஷன்! லைட்டரைத் தொலைக்கிறார், என்னிடமே தன் பேரைக் கேட்கிறார். மூளைதான், வேறென்ன?

அவரை ஏதோ சாக்குச் சொல்லி அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவரே கற்றுக்கொடுத்த 'ஐ'க்கு 'எ' சூத்திரத்தைப் போட்டு, "சார், இவர மூளெ சரி இல்ல" என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். அமலதாஸையும் படுக்கவைத்து இடுப்பைப் படமெடுத்தார்கள்.

ஐவிக்கு எடுத்த அதே படம்! வெளியே பெஞ்சில் வந்து விழுந்தார் அமலதாஸ்.

"எனக்கும் வந்துருச்சா ஐவி? உனக்குத்தான் மூளை தேயுதுன்னாரு. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"எனக்கா? உங்களுக்குத்தான்னு நான்ல கூட்டிட்டு வந்தேன்!"

அமலதாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மறந்துட்டா என்னடி செய்யிறது?"

"மறந்தா மறுபடி பொண்ணு பாக்க வாங்க. இந்தத் தடவை காலரைத் துவைச்சுட்டு வாங்க."

அழவேண்டிய இடத்தில் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

படத்தைக் கொடுக்க வந்த, தமிழும் தெரிந்த கொள்ளேகால் நர்ஸ் நஞ்சம்மா, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவருகிலேயே நின்றிருந்தாள். வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்க, உங்க ரெண்டு பேரு தலைக்குள்ள என்ன இருக்குதுன்னு இங்க யாருமே பாக்கலீங்க, கன்னடத்துல மூளென்னா எலும்புங்க!"