எர்த்தும் அரை டப்பா வார்னிஷும்

சென்னையில் வியர்வையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எர்த்துதான். மே மாதத்தில் நாங்கள் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டே சொட்டச் சொட்ட பஸ்ஸிலிருந்து இறங்கி வருவோம். எர்த்து எங்களைப் பார்த்து முகம் மலர்ந்து, "வா நைனா, இன்னிக்கு நீ உள்ள வரலாம்" என்பார். பவுடர் பூசிக்கொண்டு காய்ந்த கையோடு யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தரும் சின்னக் கடை ஒன்றில் ஆறு வருஷம் இருந்தேன். டிஸ்க்கை வாங்கி, சீட்டு எழுதி, அழும் வாடிக்கையாளருக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. உள் அறையில் உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பவர் எர்த்து. பக்கத்துச் சேக்காடு ஊர்க்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவருடைய நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது.

அவருடைய ஜென்ம விரோதி நம் உடம்பில் இருக்கும் மின்சாரம். சீப்பைத் தலையில் தேய்த்துக் காட்டினால் காகிதத் துண்டு ஒட்டிக்கொள்ளுமே, அதே மின்சாரம்தான். காய்ந்த உடம்பில் சேரும், ஈரம் இருந்தால் தங்காது. நமக்கு உறைக்காத அளவு போதும், டிஸ்க்கின் போர்டில் இருக்கும் சிப்பைப் பொசுக்கிவிடும். முழுசாகப் பொசுக்கினால்கூடப் பரவாயில்லையாம். அரைகுறையாக அடிபட்ட டிஸ்க் இன்று ஓடும், அடுத்த வாரமும் ஓடும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். எர்த்துக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இந்த இரண்டாவது ரகம். "செத்துட்டா தெரிஞ்சிடும் மாமே. சாகாம கீது பாரு, அதான் டேஞ்சர்" என்பார்.

அதனால் வேலைக்கு உட்காரும்போது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார். அதிலிருந்து போகும் ஒயரின் கிளிப்பைச் சுவரில் அடித்திருக்கும் செப்புத் தகட்டில் மாட்டுவார். தகட்டிலிருந்து ஒரு கம்பி வெளியே மண்ணில் புதைத்த குழாய்க்குப் போகும். உடம்பில் இருப்பது அந்த வழியாகப் பூமிக்கு இறங்கிவிடும். எர்த்து என்ற பட்டப்பெயர் இந்த எர்த் கம்பியால் வந்ததுதான். பட்டை கட்டாத நேரத்தில் ஒரு டிஸ்க்கைக் கையில் வாங்க வேண்டியிருந்தால், முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் வாங்குவார். மனிதர்களுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஏ.சி. அறையிலிருந்து எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைப்பார், சுருக்கென்று ஷாக் அடிக்கும், நான் துள்ளுவேன். "மன்சன் தாங்குவான், டிஸ்க்கு தாங்காது" என்று போய்க்கொண்டே இருப்பார்.

முதலாளியின் மகளுக்குப் பிறந்தநாள் என்று ஒருமுறை கடையில் பலூன் கட்டினார்கள். பலூனைப் போல மின்சாரம் சேர்க்கும் சனியன் வேறில்லை என்று சொல்லி, கேக் வெட்டும் முன்பே ஒரு குண்டூசியால் முப்பது பலூனையும் உடைத்துத் தீர்த்தார். குழந்தை அழுதது. எர்த்து அந்தக் கண்ணீரைக்கூட ஈரம் என்று திருப்தியாகத்தான் பார்த்திருப்பார். ஏ.சி. காற்றைக் காய வைக்கிறது என்று அறைக்குள் ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருவராவது அதில் கால் விடுவோம்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்குக் கடையை நான்தான் சுத்தம் செய்தேன். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். செப்புத் தகடு கறுத்துக் கிடந்தது. எர்த்து கும்பிடாத குறையாக நடத்தும் தகடாயிற்றே என்று புளி போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி கறுத்துவிடக் கூடாதே என்று, முதலாளி கதவுக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த அரை டப்பா வார்னிஷை அதன்மேல் இரண்டு பூச்சு பூசினேன். மறுநாள் எர்த்து அதைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் மாசம் பிறந்தது. ஒவ்வொரு மாசமும் முதல் தேதி எர்த்து மீட்டர் வைத்துத் தகட்டைச் சோதிப்பார், அது பீப் என்று கத்தும். அன்றைக்குக் கத்தவில்லை. மீட்டருக்குப் புது பேட்டரி போட்டார். கத்தவில்லை. ஒயரை மாற்றினார். கடைசியில் பிளேடால் தகட்டைச் சுரண்டினார். வெங்காயச் சருகு போல ஒரு தோல் உரிந்து வந்தது. வார்னிஷுக்குள் மின்சாரம் போகாது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மூன்று வாரமாக எர்த்து கிளிப்பை மாட்டியிருந்தது பூமியில் இல்லை, என் வார்னிஷில்.

யார் பூசியது என்று அவர் கேட்கவே இல்லை. சோதிக்காமல் உட்கார்ந்தது தன் தப்பு என்றார். பட்டையைக் கழற்றி டிராயரில் போட்டார். "இந்த மூணு வாரத்துல பதினொரு டிஸ்க்கு என் கையால வெளிய போயிகீது. அதுல ஒண்ணு செத்துட்டாலும் இனிமே நான் டிஸ்க்கைத் தொடமாட்டேன்" என்றார். நான்தான் என்று சொல்ல எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

உடனே சீட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "சார், உங்க டிஸ்க்கு நல்லாதானே ஓடுது? அதான் பயமா கீது" என்று ஆரம்பித்தால் யார்தான் பதறமாட்டார்கள்? பக்கத்துப் பாடி ஊரில் ஒரு ஆடிட்டர் ஏதோ மிரட்டல் போன் என்று நினைத்து இரண்டு முறை கட் செய்தார். எப்படியோ சாயங்காலத்துக்குள் பத்துப் பேரை வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்க வைத்துவிட்டார். பதினோராவது ஆள் போனையே எடுக்கவில்லை. பூந்தமல்லியில் கல்யாண வீடியோ எடுப்பவர்.

மறுநாள் காலையில் ஒரு புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க எர்த்து, நெரிசலில் எங்கள் மேல் சாய்ந்தவர்களையெல்லாம் சட்டை பருத்தியா, மின்சாரம் சேர்க்கும் பாலியஸ்டரா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

வீடியோக்காரர் விஷயத்தைக் கேட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த டிஸ்க்கில் ஒரு முழுக் கல்யாணம் இருந்தது, இன்னும் ஒப்படைக்கவில்லை. வேறு பிரதியும் இல்லை. "மறுபடி மேடையில நிக்க வைக்கலாம்னா, பந்தியில பாயசம் தீர்ந்ததுலேர்ந்து ரெண்டு வீடும் பேசிக்கிறதே இல்ல சார்" என்றார். பழையதைப் புதியதில் காப்பி எடுக்க இரண்டு டிஸ்க்கையும் மாட்டினோம். நான்கு மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர்.

அந்த நான்கு மணி நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்த எர்த்து, டிஸ்க்கின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு முறை 'டிக்' என்றபோது மூவரும் எழுந்து நின்றோம். பாதியில் மூன்று நிமிஷம் திரையில் சதவீத எண் நகரவே இல்லை. வீடியோக்காரர் சாமி படத்தைப் பார்த்தார். எர்த்து தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"எர்த்தண்ணே, வார்னிஷ் அடிச்சது நான்தான்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தேச்சதும் நீதானா?"

"ஆமாண்ணே. கறுத்துடக் கூடாதேன்னு…"

எண் மறுபடி நகர ஆரம்பித்தது. அது முடியும்வரை, இரண்டு மணி நேரம், அவர் காது டிஸ்க்கிலேயே இருந்தது. வேலை போச்சு, ஆறு வருஷப் பழக்கமும் போச்சு என்று முடிவு கட்டித் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வீடியோக்காரர் 'வந்துடுச்சு' என்று கத்தி, புது டிஸ்க்கில் தாலி கட்டும் இடத்தை ஓட்டிக் காட்டினார். நாதஸ்வரம் கேட்டது. (பழைய டிஸ்க்கும் சாகவில்லை. இன்றுவரை ஓடுகிறது. எர்த்து இன்றுவரை அதை நம்பவில்லை.)

எர்த்து ஸ்டூலை விட்டு எழுந்தார். ஜன்னல் கம்பியைத் தொட்டார். டிஸ்க்கைக் கழற்றத்தான் போகிறார் என்று நான் ஒதுங்கி வழி விட்டேன்.

அவர் டிஸ்க் பக்கம் போகவில்லை. என்னிடம் வந்து, தோளில் கை வைத்தார். ஷாக் அடிக்கவில்லை.

"நல்லாதான் மின்னிச்சு மாமே" என்றார். "வா, டீ சாப்டலாம்."