வெங்கடசாமி போட்ட மூடி

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. அடுப்பில் ஏதாவது இருந்தால் சிம்மில் வைத்துவிட்டு வாங்க. தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டலில் ஒருத்தர் மீன் தொட்டிக்கு மூடி போட்ட கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவர் காதில் விழுந்தாலும் இப்போது கோபித்துக்கொள்ள மாட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சின்னு தரையில் கிடந்தது.

சின்னு என்பது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஆரஞ்சு மீன். ஹாலின் சிமெண்ட் தரையில் துள்ளிய அதை வெங்கடசாமி இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தார். சோப்புக் கட்டி மாதிரி நழுவியது. அவர் மனைவி சரோஜம்மா தோசைக் கரண்டியோடு ஓடி வந்து, ஒரே புரட்டலில் அள்ளித் தொட்டிக்குள் போட்டார். தண்ணீர் மேல் எண்ணெய் வளையம் ஒன்று மிதந்தது.

"செத்திருந்தா அவளுக்கு இன்னா பதில் சொல்வீங்க?" என்றார் சரோஜம்மா.

அவள் என்றால் மருமகள் பவ்யா. பங்காருப்பேட்டைக் கன்னடத்துப் பெண். மகன் ரூபேஷ் விரும்பிக் கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. கல்யாணம் பேசப் போன இடத்திலேயே வெங்கடசாமிக்கும் அவள் அப்பாவுக்கும் முட்டிக்கொண்டது. அதிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் மாமனாருக்கும் மருமகளுக்கும் காபி ஆறிடுச்சு, கரண்டு போயிடுச்சு என்கிற அளவில்தான் பேச்சு. அப்படிப்பட்டவள், ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் ஹைதராபாத் கிளம்பும்போது, மாடி அறையில் இருந்த தொட்டியை ஹாலுக்கு இறக்கி வைத்து, "மாவா, சின்னுவ உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். நீங்க பாத்துப்பீங்கதானே?" என்று கேட்டாள். மாவா என்பது மாமாவுக்கு அவள் கன்னடம். மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. தலையை மட்டும் ஆட்டிய வெங்கடசாமி, அன்று சாப்பாட்டில் ரசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தப் பங்காருப்பேட்டைச் சண்டை எதனால் என்றும் சொல்லிவிடுகிறேன். வெங்கடசாமி சுரங்கத்தில் டிம்பர் மேன். பூமிக்கடியில் பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்பு இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் வேலை செய்யலாம். பொத் என்றால் ஓடிவிட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அப்படித் தட்டித்தான் உயிரோடு மேலே வந்தார். சுரங்கத்தை மூடிய அன்று கம்பியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். காலையில் எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு சுவர், நிலைப்படி, பீரோ என்று தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். எதுவும் விடுபடாது. சந்தையில் பூசணிக்காயையும் விடமாட்டார். சம்பந்தி புதிதாகக் கட்டிய வீட்டில், தாம்பூலத் தட்டு வருவதற்குள் ஹால் சுவரைத் தட்டிப் பார்த்து, "பொத்துனு கீதே, மேஸ்திரி சிமெண்ட்ட தின்னுட்டானா?" என்று கேட்டதுதான் வினை.

சரி, மீனுக்கு வருவோம்.

கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் போதும் என்றார் சரோஜம்மா. கடையில் பிளாஸ்டிக் மூடி கிடைக்கிறது என்றான் ரூபேஷ், வேலைக்குப் போகிற ரயிலுக்கு ஓடிக்கொண்டே. வெங்கடசாமிக்கு அவமானமாகிவிட்டது. ஒரு மைல் பாறையைத் தாங்க வைத்தவனுக்கு ஒரு முழத் தொட்டிக்கு மூடி போடத் தெரியாதா? பின்கட்டில் சாய்த்திருந்த பழைய குளியலறைக் கதவை அறுத்தார். ஒன்றரை அங்குலக் கனம். இழைத்து, தொட்டி மேல் வைத்து, வழக்கப்படி கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார்.

கணீர் என்றது. கூடவே அடியிலிருந்து பொத் என்றது.

மறுபடி தட்டினார். மறுபடி பொத்.

"பலகையில உள்ளுக்குள்ள பொக்கு கீது" என்று முடிவு கட்டி, கதவின் மிச்சத்தையும் அறுத்து இரண்டாவது அடுக்காக ஆணியடித்தார். இப்போது தொட்டிக் கண்ணாடியே முனகியது. அதனால் மூடியின் பாரம் கண்ணாடியில் இறங்காதபடி நான்கு மூலையிலும் தரையிலிருந்து தூண் நிறுத்தி, மேலே சட்டம் கோத்து, சட்டத்துக்குள் மூடியை உட்கார வைத்தார். சுரங்கத்துக்குள் இருந்த முட்டு அப்படியே ஹாலுக்கு வந்துவிட்டது. டிவி அதற்குப் பின்னால் போய்விட்டது.

"கதாநாயகி அழுவறது கேக்குது. ஏன் அழுவறான்னு தெரியல" என்றார் சரோஜம்மா.

புதன்கிழமை மூடி திறக்கவில்லை. தண்ணீர் ஈரத்தில் மரம் ஊறி, சட்டத்தோடு இறுகிவிட்டது. மீனுக்கு ஒரு நாள் பட்டினி. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ராகேஷைக் கூப்பிட்டார்கள். இரண்டு சிலிண்டரைத் தோளில் தூக்குகிற ஆள். அவன் ஒரு பக்கம், வெங்கடசாமி மறு பக்கம், சரோஜம்மா நடுவில் தோசைக் கரண்டியால் நெம்பினார். மூடி எழும்பியது. சின்னு உயிரோடுதான் இருந்தது. ஆனால் நெற்றியில் கொட்டைப் பாக்கு அளவு ஒரு வீக்கம்.

"கொசு கடிச்சிருக்குமோ?" என்றான் ராகேஷ்.

இனிமேல் மூடியைத் தூக்காமலே தீனி போட வேண்டும் என்று நடுவில் ஒரு ஓட்டை போட்டார் வெங்கடசாமி. ஒரு பெரிய எலுமிச்சம்பழம் இறங்குகிற அகலம். ஓட்டை போட்ட மரம் பலவீனம் இல்லையா? அதனால் மூடியைப் பொருத்தியதும் சுற்றிலும் ஐந்தாறு தரம் கம்பியால் தட்டிப் பார்த்தார். சின்னு ஓட்டை வழியாகக் கிளம்பி, தூணுக்கு இந்தப் பக்கம் கழுத்தை வளைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்த சரோஜம்மாவின் காபித் தம்ளரில் தலைகுப்புற விழுந்தது. நல்ல வேளை, காபி ஆறியிருந்தது.

"மூணு வருஷமா மேல சும்மா கெடந்த மீனு. நம்ம கைக்கு வந்ததும் அதுக்குப் பேய் புடிச்சிக்கிச்சு" என்றார் சரோஜம்மா.

அன்று வெங்கடசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டைக்குத் தகரத்தில் ஒரு கதவு செய்து கொண்டி போட்டார். நெற்றி இடிக்காமல் இருக்க, சரோஜம்மாவின் தலையணையைக் கிழித்து, ஸ்பாஞ்சை மூடிக்கு அடியில் ஒட்டினார். அது பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டது. பிறகு தண்ணீர் ஊற்றினார். பிறகு ஸ்பாஞ்சைப் பிய்த்தார். சனிக்கிழமைக்குள் மரம் மறுபடி இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பவ்யா வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், ஹாலில் நின்ற மர மண்டபத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"மாவா, சின்னு எங்கே?"

"உள்ளதான் கீதும்மா."

மூடியைத் திறக்க மறுபடி ராகேஷைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லுங்கியோடு வந்தான். இருவருமாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். பவ்யா குனிந்து பார்த்தாள். அவளைக் கண்டதும் சின்னு வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் வந்தது. நெற்றி வீக்கம் இன்னும் வற்றவில்லை.

வெங்கடசாமி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தரை, தோசைக் கரண்டி, காபித் தம்ளர், எதையும் மறைக்கவில்லை. "நீ நம்பி உட்டுட்டுப் போன. என்னால ஆனத செஞ்சேன். அது நிக்காம குதிக்குதும்மா."

"என்கிட்ட ஒரு நாள்கூட குதிச்சதில்லையே மாவா" என்றாள் பவ்யா, வீக்கத்தையே பார்த்தபடி.

சரோஜம்மா குறுக்கே புகுந்தார். "உன்னத் தேடித்தான் குதிச்சிருக்கும். வாயில்லா ஜீவனுக்கும் பாசம் இருக்காதா?"

பவ்யாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்து வெங்கடசாமிக்கும் கலங்கியது. அழுகையை மறைக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மூலையில் இருந்த கம்பியை எடுத்தார். "தொட்டிக்கு ஒண்ணும் ஆவலம்மா, பாரு" என்று கண்ணாடி ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

சின்னு அம்பு மாதிரி எழும்பி, வளைந்து, ராகேஷின் லுங்கி மடிப்பில் விழுந்தது.

ராகேஷ் மட்டும் பதறாமல் மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டான். வெங்கடசாமியைப் பார்த்தான். அவர் கையில் இருந்த கம்பியைப் பார்த்தான்.

"பெரியவரே, நீங்க மூடி போட வேண்டியது தொட்டிக்கு இல்ல. அந்தக் கம்பிக்கு."

பவ்யா அந்த வீட்டில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தட்டிப் பார்க்கத் தேவையில்லாத கூரை உங்கள் தலைக்கு மேல் நிற்கட்டும், கண்ணுங்களா. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், மீன் உட்பட, நெற்றி வீங்காமல் நீந்தட்டும்.